கொறடா உத்தரவும் எம்எல்ஏவின் ஓட்டும்: கட்சித்தாவல் தடைச் சட்டம் வேண்டுமா?

பொருநை மைந்தன்:

தெலங்கானாவில் பிஆர்எஸ் (பாரத் ராஷ்டிர சமிதி) கட்சியின் சின்னத்தில் ஜெயித்த 10 எம்எல்ஏக்கள் ஆளும் காங்கிரஸ் பக்கம் போனார்கள். அவர்களைத் தகுதிநீக்கம் செய்யக் கோரிய மனுக்கள் சபாநாயகர் மேசையில் மாதக்கணக்கில் கிடந்தன. கடைசியில் 2025 ஜூலை 31 அன்று உச்ச நீதிமன்றம் தலையிட்டு, மூன்று மாதத்துக்குள் முடிவெடுங்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று. இதைப் படித்த நண்பர்கள் எல்லோரும் சட்டத்தை இன்னும் கடுமையாக்க வேண்டும் என்கிறார்கள். நான் நேர் எதிர்ப்பக்கம். இந்தச் சட்டத்தையே எடுத்துவிட வேண்டும் என்பது என் வாதம்.

1985ல் 52வது திருத்தமாக, பத்தாவது அட்டவணை என்ற பெயரில் இது வந்தது. கட்சித்தாவலைத் தடுக்கிறோம் என்று சொல்லித்தான் கொண்டுவந்தார்கள். ஆனால் கூடவே இன்னொன்றையும் நுழைத்தார்கள். கொறடா உத்தரவை, அதாவது இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி இடும் கட்டளையை, மீறி ஓட்டுப் போட்டாலும் பதவி போகும், ஓட்டுப் போடாமல் இருந்தாலும் போகும். 15 நாளுக்குள் கட்சி மன்னித்தால் மட்டும் தப்பிக்கலாம். நம்பிக்கை வாக்கெடுப்புக்கு மட்டும் என்ற வரையறை சட்டத்தில் இல்லை. சாதாரண மசோதாவுக்கும் இதே கதிதான்.

அப்படியென்றால் சட்டமன்றத்தில் விவாதம் எதற்கு? ஒரு மசோதா தன் தொகுதி விவசாயிக்குக் கேடு என்று ஒரு உறுப்பினருக்குத் தெரிகிறது. எழுந்து பேசலாம். பேசி முடித்துவிட்டு அதே மசோதாவுக்கு ஆதரவாகக் கையைத் தூக்க வேண்டும். அமைச்சருக்கு முடிவு முன்கூட்டியே தெரியும், அதனால் பதில் சொல்லும் அவசியமும் இல்லை. அவை கூடும் நாளும் குறைந்துவிட்டது. முதல் மக்களவை 677 நாள் கூடியது. 17வது மக்களவை 274 நாள். மூன்று வேளாண் சட்டங்களை 2020ல் நிறைவேற்றியபோதும் மசோதாவை விரிவாக ஆராயும் நாடாளுமன்ற நிலைக்குழுவுக்கு அனுப்பவில்லை. 2021 நவம்பர் 29 அன்று திரும்பப் பெற்றபோதும் விவாதம் கிடையாது, சில நிமிடங்களில் முடிந்தது.

பிரிட்டனைப் பாருங்கள். 2019 செப்டம்பரில் பிரெக்ஸிட் தகராறில் 21 கன்சர்வேட்டிவ் எம்பிக்கள் சொந்த அரசுக்கு எதிராக ஓட்டுப் போட்டார்கள். இரண்டு முன்னாள் நிதியமைச்சர்கள், சர்ச்சிலின் பேரன் எல்லாம் அதில் உண்டு. போரிஸ் ஜான்சன் அவர்களை நாடாளுமன்றக் கட்சியிலிருந்து நீக்கினார். எம்பி பதவியைத் தொட முடியவில்லை, அதைக் கொடுத்தவர்கள் தொகுதி மக்கள். நாம் பின்பற்றுவதாகச் சொல்லிக்கொள்ளும் முறை அதுதானே?

மலைக்கோட்டை:

பிரிட்டன் கதை நல்லா இருக்கு. நம்ம ஊர்க் கதையையும் பேசுவோம் அண்ணே.

1967ல ஹரியானாவுல கயா லால்னு ஒரு எம்எல்ஏ ரெண்டு வாரத்துக்குள்ள மூணு தடவ கட்சி மாறினாரு. "ஆயா ராம் கயா ராம்"னு நாடே பேசிச்சு. அந்த வருஷத்துக்கு அப்புறம் மாநிலம் மாநிலமா ஆட்சி கவுந்ததுக்குக் கொள்கை காரணமா? மந்திரி பதவி. 1985ல ஒண்ணும் சும்மா சட்டம் போடல.

சட்டம் இல்லாத இடத்துல என்ன நடக்கும்னு நான் வீட்டுக்குள்ளயே பார்த்தவன். எங்க சித்தி ஒன்றியக் குழு உறுப்பினர். 2019 டிசம்பர் உள்ளாட்சித் தேர்தல்ல ஜெயிச்சாங்க. ஒன்றியத் தலைவரை மக்கள் நேரா தேர்ந்தெடுக்கறதில்ல, உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு எடுக்கணும். மறைமுகத் தேர்தல் 2020 ஜனவரி 11. பதவி ஏத்துக்கிட்ட அன்னிக்கு ராத்திரியே வீட்டு வாசல்ல வேன் நின்னுது. "சுற்றுலா" போறோம்னாங்க. போனை வாங்கி ஒரு துணிப்பையில போட்டு முடிச்சுப் போட்டாங்க. சித்தப்பாவையும் கூடவே ஏத்திக்கிட்டாங்க, ஏன்னா பெண் உறுப்பினர் விஷயத்துல பேரம் வீட்டுக்காரர் வழியாத்தான் நடக்கும். ஒரு லாட்ஜ், அங்கருந்து இன்னொரு ஊர், தேர்தல் அன்னிக்குக் காலையில நேரா ஒன்றிய அலுவலக வாசல்ல கொண்டு வந்து எறக்கினாங்க. எதிர்த்தரப்பும் இதையேதான் செஞ்சுது. சித்தி தன் கட்சிக்கே ஓட்டுப் போட்டாங்க. ஆனா அவங்க கூட இருந்த ஒருத்தர் எந்தப் பக்கம் போட்டாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. ஓட்டுப் போட்ட எங்க தெரு ஜனம் அவர்கிட்ட என்ன கேட்க முடிஞ்சுது? பத்தாவது அட்டவணை உள்ளாட்சிக்குப் பொருந்தாது.

நீங்க கேக்கற "மனசாட்சி ஓட்டு" நடைமுறையில இப்படித்தான் இருக்கும். எம்எல்ஏவுக்குக் கட்டுப்பாட்ட எடுத்துட்டா வேன் இன்னும் பெருசா வரும், அவ்வளவுதான்.

பொருநை மைந்தன்:

வேன் இப்போதும் வருகிறதே, மலைக்கோட்டை. சட்டம் வந்து நாற்பது வருஷம் ஆகிறது. 2017 பிப்ரவரியில் கூவத்தூர் ரிசார்ட்டில் எம்எல்ஏக்களை எதற்கு வைத்திருந்தார்கள்? 2019ல் கர்நாடக எம்எல்ஏக்கள் மும்பையில், 2022ல் மகாராஷ்டிர எம்எல்ஏக்கள் குவாஹாத்தியில். கோவாவில் 2022 தேர்தலுக்கு முன்னால் காங்கிரஸ் வேட்பாளர்களைக் கோயில், சர்ச், தர்கா என்று மூன்று இடத்திலும் கூட்டிப்போய்க் கட்சி மாற மாட்டோம் என்று சத்தியம் வாங்கினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் 11 பேரில் 8 பேர் பாஜகவுக்குப் போனார்கள். அவர்கள் பதவி போகவில்லை, ஏனென்றால் மூன்றில் இரண்டு பங்கு சேர்ந்து போனால் அதற்கு "இணைப்பு" என்று பெயர். தனி ஆளாக மனசாட்சிப்படி எதிர்த்து ஓட்டுப் போட்டால் குற்றம். கூட்டமாக விலைபோனால் குற்றமில்லை. இந்தச் சட்டத்தையா காப்பாற்றச் சொல்கிறீர்கள்?

வழக்கறிஞர் தமிழரசி:

இரண்டு பேர் சொல்வதிலும் ஒரு பொதுச் சிக்கல் இருக்கிறது. சட்டம் என்ன சொல்கிறது என்பதைவிட, யார் தீர்ப்புச் சொல்கிறார் என்பதுதான் இங்கே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது.

தமிழ்நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2017 பிப்ரவரி 18 நம்பிக்கை வாக்கெடுப்பில் எடப்பாடி பழனிசாமிக்கு 122 ஓட்டு, எதிராக 11. எதிர்த்துப் போட்டவர்கள் ஓ. பன்னீர்செல்வமும் அவரோடு இருந்தவர்களும், எல்லோருமே அதிமுக சின்னத்தில் ஜெயித்தவர்கள். பத்தாவது அட்டவணையில் இதைவிடத் தெளிவான மீறல் இருக்க முடியாது. ஆகஸ்ட் 21ல் இரண்டு அணியும் இணைந்தன, அவர் துணை முதல்வர் ஆனார். அந்த 11 பேரின் பதவி கடைசிவரை போகவில்லை. உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் அதைச் சபாநாயகர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது.

அணிகள் இணைந்த மறுநாள், 2017 ஆகஸ்ட் 22ல், தினகரன் ஆதரவு எம்எல்ஏக்கள் 19 பேர் முதல்வருக்குத் தந்த ஆதரவை விலக்கிக்கொள்வதாக ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். சபைக்குள் எதிர்த்து ஓட்டுப் போடவில்லை, வேறு கட்சிக்கும் போகவில்லை. ஒருவர் திரும்பிவிட்டார். மீதி 18 பேரைச் செப்டம்பர் 18 அன்று சபாநாயகர் தனபால் தகுதிநீக்கம் செய்தார். உயர் நீதிமன்றத்தில் 2018 ஜூனில் இரு நீதிபதிகள் இரு விதமாகத் தீர்ப்பளித்தார்கள். மூன்றாவது நீதிபதி அக்டோபர் 25ல் சபாநாயகரின் முடிவை உறுதிசெய்தார்.

ஒரே கட்சி, ஒரே சபை, ஒரே சபாநாயகர், ஒரே ஆண்டு. ஓட்டுப் போட்டு எதிர்த்தவர்கள் தப்பினார்கள், கடிதம் கொடுத்தவர்கள் போனார்கள். ஆளும் தரப்புக்கு யார் தேவைப்பட்டார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

இது இப்படித்தான் முடியும் என்று 1992லேயே சொல்லியாயிற்று. இந்தச் சட்டம் செல்லுமா என்று உச்ச நீதிமன்றம் பார்த்த கிஹோட்டோ ஹொல்லோஹன் வழக்கில் ஐந்து நீதிபதிகளில் மூவர் சட்டத்தை ஏற்றார்கள். ஜே.எஸ். வர்மா உள்ளிட்ட இருவர் ஏற்கவில்லை. சபையின் பெரும்பான்மையை நம்பிப் பதவியில் இருக்கும் சபாநாயகர் சுதந்திரமான தீர்ப்பாளராக இருக்க முடியாது என்பது அவர்கள் வாதம். தேர்தல் சீர்திருத்தம் பற்றி ஆராய்ந்த தினேஷ் கோஸ்வாமி குழுவும் 1990ல், தேர்தல் ஆணையத்தின் ஆலோசனைப்படி குடியரசுத் தலைவரோ ஆளுநரோ முடிவு செய்யட்டும் என்றது. உறுப்பினர் அரசின் கீழ் ஆதாயம் தரும் வேறு பதவி வகித்தார் என்ற ஆதாயப் பதவி வழக்குகளில் இப்போதே அந்த முறைதான். 2020 ஜனவரியில் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றமே மூன்று மாதக் கெடு சொல்லி, தனித் தீர்ப்பாயம் அமைப்பதைப் பரிசீலிக்கும்படி நாடாளுமன்றத்தைக் கேட்டது. இன்னும் ஒன்றும் நடக்கவில்லை.

கரிசக்காடு:

அந்த 18 தொகுதிகளில் எங்கள் தொகுதியும் ஒன்று. 2017 செப்டம்பரிலிருந்து 2019 மே வரை எங்களுக்கு எம்எல்ஏ கிடையாது. அந்தக் காலத்தில் எங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டி விரிசல் விட்டு ஒழுகிக்கொண்டிருந்தது. தொகுதி நிதியில் புதுத் தொட்டி கேட்கலாம் என்று மனு எழுதினோம். யாருக்கு முகவரி எழுதுவது என்பதில் வந்து நின்றது. பழைய எம்எல்ஏ அலுவலகம் பூட்டிக் கிடந்தது. பக்கத்துத் தொகுதிக்காரர் தன் தொகுதிக்கே போதவில்லை என்றார்.

நீங்கள் பேசுவதை எல்லாம் படித்தேன். தண்டனை யாருக்கு விழுந்தது என்று யாராவது சொல்லுங்கள்.

மட்டுநகரான்:

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். எங்கட அரசியலமைப்பு இதைவிடக் கடுமை. 99ஆம் உறுப்புரைப்படி கட்சி ஒருவரை நீக்கினாலே எம்பி பதவி காலி. ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்கு (நீங்கள் உச்ச நீதிமன்றம் என்பது) போய் நீக்கம் செல்லாது என்று தீர்ப்பு வாங்கினால்தான் பதவி தப்பும். சபாநாயகருக்கு இதில் வேலை இல்லை. தமிழரசி சொல்கிற குறை எங்களுக்கு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்காகத் தாவல் நின்றுவிட்டதா? 2007ல் ஐக்கிய தேசியக் கட்சியிலிருந்து 18 பேர் ஒரே நாளில் அரசுப் பக்கம் போய் அமைச்சர்களானார்கள். கனகாலம் நீதிமன்றம், விசாரணை ஒழுங்காக நடக்கவில்லை என்று சொல்லி நீக்கப்பட்டவர்களைக் காப்பாற்றியே வந்தது. அண்மையில்தான் நிலைமை மாறியது. 2023 அக்டோபரில் முஸ்லிம் காங்கிரஸ் நீக்கிய எங்கட மாவட்ட எம்பி நசீர் அஹமட், அமைச்சராக இருக்கும்போதே பதவி இழந்தார். 2024 ஓகஸ்டில் இன்னும் இரண்டு அமைச்சர்களுக்கு அதே கதி.

ஆனால் 2018 ஒக்டோபரை நான் மறக்கேலாது. ஜனாதிபதி மைத்திரி ஒரு வெள்ளிக்கிழமை இரவு ரணிலை நீக்கி மகிந்தவைப் பிரதமராக்கினார். பெரும்பான்மை கைவசம் இல்லை. அதனால் எம்பிக்களை ஆள் ஆளாக இழுக்கத் தொடங்கினார்கள். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் மட்டக்களப்பு எம்பி ஒருவரே போய்ப் பிரதி அமைச்சர் பதவி எடுத்தார். நாங்கள் போட்ட வாக்கு அப்படிப் போனதை நாங்கள் தொலைக்காட்சியில் பார்த்தோம். கூட்டமைப்பின் மற்றவர்கள் உறுதியாக நின்றபடியால்தான் நவம்பர் 14ல் மகிந்தவுக்கு எதிராக 122 கையெழுத்துச் சேர்ந்தது. அவர்கள் ஆளுக்கொரு பக்கம் "மனசாட்சிப்படி" போயிருந்தால் அந்தச் சதி வென்றிருக்கும். சிறுபான்மைக் கட்சிக்குக் கட்டுக்கோப்பு ஒன்றுதான் ஆயுதம். பெரிய கட்சியில் நாலு பேர் போனால் அது ஆடாது. எங்கட கட்சியில் நாலு பேர் போனால் எங்கட சனத்துக்குக் குரலே இல்லை. பொருநை மைந்தன் இதையும் யோசிக்க வேணும்.

பொருநை மைந்தன்:

மட்டுநகரான், நீங்கள் சொன்னதை ஒதுக்கிவிட்டுப் போக என்னால் முடியாது. ஆனால் உங்கள் நாட்டுத் தேர்தல் முறை வேறு. அங்கே முதலில் கட்சிப் பட்டியலுக்கு ஓட்டு, பிறகு விருப்பு வாக்கு. ஒருவர் போனால் பட்டியலில் அடுத்தவர் வந்துவிடுகிறார். இடம் கட்சியுடையது என்று சொல்ல அங்கே நியாயம் உண்டு. இங்கே ஒரு தொகுதி, ஒரு ஆள்.

கட்டுக்கோப்பு ஆட்களை மட்டுமா காக்கிறது? 2019 டிசம்பர் 11 அன்று மாநிலங்களவையில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் (சிஏஏ) 125க்கு 105 என்று நிறைவேறியது. ஆதரித்தவர்களில் அதிமுகவின் 11 பேர் உண்டு. அந்த 11 ஓட்டு எதிர்ப்பக்கம் விழுந்திருந்தால் 114க்கு 116, மசோதா தோற்றிருக்கும். இலங்கைத் தமிழ் அகதிகளை அந்தச் சட்டத்தில் சேர்க்கவில்லை. முகாமில் முப்பது வருஷமாக இருப்பவர்களைப் பற்றி 11 பேரில் ஒருவருக்குக்கூடத் தனிக் கருத்து இல்லாமலா இருந்திருக்கும்? இருந்தாலும் பயனில்லை. கட்சித் தலைமை முடிவெடுத்துவிட்டது. 11 எம்பிக்கள் எதற்கு, ஒருவர் போய் 11 ஓட்டையும் போட்டிருக்கலாமே?

மலைக்கோட்டை:

அந்த உதாரணமே என் பக்கம்தான் பேசுது. அன்னிக்கு அதிமுக மொத்தமா ஓட்டுப் போட்டதாலதான் "நீங்கதான் நிறைவேத்துனீங்க"ன்னு அந்தக் கட்சிய நாம கேக்க முடிஞ்சுது. 2021 தேர்தல் அறிக்கையில அதே கட்சி, சிஏஏவக் கைவிடச் சொல்லி மத்திய அரச வலியுறுத்துவோம்னு எழுத வேண்டி வந்துச்சு. ஆறு பேர் இந்தப் பக்கம், அஞ்சு பேர் அந்தப் பக்கம்னு போட்டிருந்தா தலைமை என்ன சொல்லியிருக்கும்? "நாங்க சுதந்திரம் குடுத்தோம், அது அவங்க சொந்த முடிவு"ன்னு கைகழுவியிருக்கும். ஜனம் யாரப் பிடிக்கறது? எத்தன பேருக்கு எம்எல்ஏ பேரு தெரியும்? நம்ம ஊர்ல ஓட்டு விழறது சின்னத்துக்கு. அந்தச் சின்னத்த வச்சு ஜெயிச்சுட்டு அதுக்கு எதிரா ஓட்டுப் போட்டா, அது ஏமாத்து.

அவை கூடற நாள் குறைஞ்சதுக்கும் இந்தச் சட்டத்துக்கும் என்ன சம்பந்தம்னும் எனக்குப் புரியல. அவையக் கூட்டறது அரசாங்கம். நிலைக்குழுவுக்கு அனுப்பாததும் அரசாங்கம். சட்டத்த எடுத்துட்டா மட்டும் அனுப்பிடுவாங்களா?

வழக்கறிஞர் தமிழரசி:

சம்பந்தம் இருக்கிறது, மலைக்கோட்டை. எழுபது சொந்த எம்பிக்கள் எதிர்த்து ஓட்டுப் போடக்கூடும் என்ற பயம் இருந்தால் அமைச்சர் மசோதாவைக் கொண்டுவருமுன் அவர்களிடம் பேசுவார், குழுவுக்கு அனுப்பி ஆற அமரத் திருத்துவார். அந்தப் பயத்தை இந்தச் சட்டம் எடுத்துவிட்டது. ஆனால் பொருநை சொல்வதுபோல் முழுச் சட்டத்தையும் தூக்கவும் எனக்கு மனமில்லை.

நடுவில் ஒரு வழி ஏற்கெனவே பேசப்பட்டிருக்கிறது. 1992 தீர்ப்பிலேயே, பதவி பறிக்கும் கொறடா உத்தரவை நம்பிக்கை வாக்கெடுப்புக்கும் கட்சி மக்களிடம் வைத்த அடிப்படைக் கொள்கைக்கும் மட்டும் பயன்படுத்துவதே முறை என்று நீதிமன்றம் சொன்னது. கோஸ்வாமி குழுவும் ஏறக்குறைய அதையே கேட்டது. கட்சிகள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நிதி மசோதாவையும் அதில் சேர்த்துக்கொண்டு, மற்ற மசோதாக்களில் உறுப்பினரை விட்டுவிடலாம். ஆட்சி கவிழாது. விவாதத்துக்கும் ஓர் அர்த்தம் வரும்.

மலைக்கோட்டை:

ஆட்சி கவிழாது, சரி. சட்டத்த வெலைக்கு வாங்கலாமே? ஒரு சுரங்கச் சட்டம் வருதுன்னு வைங்க. நூறு பேருக்குப் பணம் குடுத்தா போதும். ஒரு ஆட்சிய வாங்கறதவிட ஒரு மசோதாவ வாங்கறது மலிவு.

வழக்கறிஞர் தமிழரசி:

அந்தக் கதவு 2024ல்தான் மூடியது. 1993 ஜூலையில் நரசிம்ம ராவ் அரசைக் காப்பாற்ற ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா எம்பிக்கள் பணம் வாங்கிய வழக்கு தெரியும்தானே? லஞ்சம் வாங்கி, அதன்படி சபையில் ஓட்டுப் போட்ட எம்பிமீது வழக்குத் தொடர முடியாது என்று 1998ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவையில் போடும் ஓட்டுக்குப் பாதுகாப்பு உண்டு என்பது காரணம். 26 வருஷம் அதுவே சட்டமாக இருந்தது. 2024 மார்ச் 4ல் சீதா சோரன் வழக்கில் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக அதைத் தள்ளினார்கள். இனி ஓட்டுக்குப் பணம் வாங்கினால் ஊழல் தடுப்புச் சட்டம் பாயும். வாங்கியவனைப் பிடிக்கத் தனிச் சட்டம் இருக்கும்போது, வாங்காதவனின் வாயையும் ஏன் கட்ட வேண்டும்?

மலைக்கோட்டை:

பாயும்னு சொல்றீங்க. யார் விசாரிப்பா? விசாரிக்கற அமைப்பு யார் கையில இருக்கு? சபாநாயகர் ஒரு பக்கமா நடந்துக்கறார்னு நீங்களே பக்கம் பக்கமா எழுதிட்டு, விசாரணை அமைப்ப மட்டும் நம்பச் சொன்னா எப்படி?

உங்ககிட்ட ரெண்டு விஷயத்துல ஒத்துப்போறேன். முடிவு பண்ற அதிகாரம் சபாநாயகர்கிட்ட இருக்கக் கூடாது. கேரளாவுல உள்ளாட்சிக்கே 1999லருந்து தனிக் கட்சித்தாவல் சட்டம் இருக்கு, அத மாநிலத் தேர்தல் ஆணையம்தான் விசாரிக்குது. அதே மாதிரி இங்கயும் வரட்டும், எங்க ஒன்றியத்துக்கும் சேர்த்து. ரெண்டாவது, மூணுல ரெண்டு பங்கு இணைப்புங்கற ஓட்டைய அடைக்கணும். மூணுல ஒரு பங்கு பிளவுங்கறத 2003ல எடுத்தாங்கல்ல, இதையும் எடுக்கட்டும். மசோதா மேல ஓட்ட அவிழ்த்து விடறதுக்கு மட்டும் நான் வரல.

பொருநை மைந்தன்:

அந்த மூன்றாவதுதான் எனக்கு முதலாவது. 1999 ஏப்ரலில் வாஜ்பாய் அரசு ஒரே ஓட்டில் விழுந்தது, 269க்கு 270. தேசிய மாநாட்டுக் கட்சியின் சைஃபுதீன் சோஸ் கட்சி சொன்னதற்கு மாறாக ஓட்டுப் போட்டார். கட்சி அவரை நீக்கியது. அவர் செய்தது சரியா தவறா என்று இன்றும் சண்டை போடலாம். ஆனால் நாட்டுக்கு முன்னால் நின்று, விளைவு தெரிந்து, தன் பெயரில் ஓட்டுப் போட்டார். அப்படி ஒருவர் செய்ய முடியாத சபையில் எனக்குப் பிரதிநிதி இல்லை, கட்சிக்குத்தான் பிரதிநிதி. தமிழரசி சொல்லும் நடுவழிக்கு நான் இறங்கி வருகிறேன். அதற்குக் கீழே இறங்க மாட்டேன்.

கரிசக்காடு:

நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. இடம் காலியானால் ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 151ஏ பிரிவு சொல்கிறது. எங்களுக்கு வழக்கு இருக்கிறது என்று சொல்லி அது நின்றது. வழக்கு முடியாமல் தேர்தல் வைக்க முடியாது என்பது நியாயம். வழக்கை முடிக்க யார் கெடு வைப்பது? தீர்ப்பாயம், ஆணையம் எது வந்தாலும் அதன்மேல் மேல்முறையீடு, அதற்கு மேல் இன்னொன்று என்று போனால் எங்கள் ஊருக்கு அதே இருபது மாதம்தான்.

வழக்கறிஞர் தமிழரசி:

தேர்தல் வழக்குகளை ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று அதே சட்டத்தின் 86வது பிரிவில் இருக்கிறது. தகுதிநீக்க வழக்குகளுக்கும் அப்படியொரு பிரிவைச் சேர்க்கலாம். தீர்ப்பாயத்துக்கு மூன்று மாதம், மேல்முறையீடு ஒன்றே ஒன்று, அதற்கும் மூன்று மாதம்.

கரிசக்காடு:

"முயல வேண்டும்" என்று எழுதினால் எத்தனை தேர்தல் வழக்கு அந்த ஆறு மாதத்தில் முடிகிறது என்று உங்களுக்கே தெரியும் மேடம். "முடிக்க வேண்டும், முடியாவிட்டால் ஆறு மாதம் முடிந்த மறுநாள் தேர்தல் அறிவிக்க வேண்டும்" என்று எழுதுங்கள். தகுதிநீக்கம் செய்யப்பட்டவரும் அதில் நிற்கட்டும். கர்நாடகாவில் 2019ல் அப்படித்தானே ஆனது? நவம்பரில் உச்ச நீதிமன்றம் 17 பேரின் தகுதிநீக்கத்தை ஏற்றுக்கொண்டு, இடைத்தேர்தலில் நிற்கத் தடையில்லை என்றது. டிசம்பர் 5ல் 15 தொகுதிக்கு ஓட்டுப்பதிவே நடந்துவிட்டது.

மலைக்கோட்டை:

அந்த 15ல 12 இடம், அவங்க யாரோட பக்கம் போனாங்களோ அந்த பாஜகவுக்கே கிடைச்சுது. போனவங்கள்ல பெரும்பாலானவங்க திரும்ப ஜெயிச்சு வந்தாங்க. அதனால நிக்கறதுக்கும் தடை வேணும்னு நான் சொல்லுவேன், குறைஞ்சது அந்தச் சபையோட காலம் முடியற வரைக்கும்.

கரிசக்காடு:

தடை போடுங்கள், போடாமல் இருங்கள். ஜெயிக்க வைத்தது அந்தத் தொகுதிக்காரர்கள், அது அவர்கள் பாடு. தேதியை மட்டும் சட்டத்தில் எழுதச் சொல்கிறேன்.